விழுந்த மரத்தில் குடியிருப்பவர்கள்

கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் ஒரு சின்னப் பல்லி இருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நான்கு சென்டிமீட்டர் தேறினால் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரை, அமெரிக்காவின் மிக அபூர்வமான பல்லிகளில் ஒன்று என்றே விலங்கியலாளர்கள் இதை நினைத்திருந்தார்கள். உண்மையில் அந்தப் பாலைவனத்தில் ஏராளமாக வாழும் பல்லிகளில் இதுவும் ஒன்று. (ஓணான், அரணை, உடும்பு, பல்லி என்று பிரித்தே சொல்லிப் பழகிய நமக்கு, எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஒரு புழக்கச் சொல் இல்லை. இங்கே எல்லாமே பல்லிதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இதை முதலில் பிடித்து அனுப்பியவர் ரொம்ப சுவாரசியமான ஆள். யானோஷ் சாண்டுஸ், ஹங்கேரிக்காரர். 1848 புரட்சியில் கலந்துகொண்டு, அது தோற்றதும் அமெரிக்காவுக்கு ஓடிவந்தவர். பிழைக்க வழியில்லாமல் பொய்ப் பெயரில் ராணுவத்தில் சேர்ந்தார். 1857இல் மொஹாவேயின் மேற்கு ஓரத்தில் இருக்கும் டெஹோன் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். சம்பளம் ராணுவ மருத்துவமனை உதவியாளர் வேலைக்கு, மனசு முழுக்கப் பறவையிலும் பல்லியிலும். பிடித்ததையெல்லாம் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனில் இருந்த ஸ்பென்சர் பேர்டுக்குப் பெட்டி பெட்டியாக அனுப்பினார். அளந்துவிடுவதிலும் மனிதர் கில்லாடி. ஹங்கேரியில் வெளியான அவருடைய பயண எழுத்தில் மற்றவர்கள் புத்தகத்திலிருந்து சுட்டது நிறைய. ஆனால் ஜாடிக்குள் இருந்த பல்லி பொய் சொல்லவில்லை. 1859இல் பேர்டு அதற்கு ‘சாண்டுசியா விஜிலிஸ்’ என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் சாண்டுஸ் ஊர் திரும்பி, புடாபெஸ்ட் மிருகக்காட்சிசாலையின் முதல் இயக்குநர் ஆனார்.

விஜிலிஸ் என்றால் விழித்திருப்பது. இந்தப் பல்லிக்குத் திறந்து மூடும் இமை கிடையாது. கண்ணின் பாவை பூனைக்கு இருப்பதுபோல நெட்டுக்கோடு. ஜாடியில் இதைப் பார்க்கும் யாருக்கும் ராத்திரியில் இரை தேடும் பிராணி என்றுதான் தோன்றும். ஆங்கிலத்தில் இன்றைக்கும் ‘இரவுப் பல்லி’ என்றே அழைக்கிறார்கள். பகலிலேயே சுறுசுறுப்பாக இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது, ஆனால் வெளியே வராது. சாராயத்தில் ஊறிய உடம்பு அது எங்கே வாழ்ந்தது என்பதைச் சொல்லவில்லை.

பாலைவனத்தில் நடக்கும்போது நாம் பார்ப்பதெல்லாம் திறந்தவெளிப் பல்லிகள்தான். காலையில் பாறைமேல் வெயில் காய்வது, முன்னங்காலுக்குப் பின்னால் விலாவில் கருநீலத் திட்டு இருந்தால், பெரும்பாலும் பக்கத்திட்டுப் பல்லி. மணலில் ஓடத் தொடங்கும்போது வாலை மேலே சுருட்டி, அடியிலிருக்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைக் காட்டினால் வரிக்குதிரைவால் பல்லி. எறும்புப் புற்றுப் பக்கம் தட்டையாகக் கிடக்கும் கல்லுக்குக் கண் இருந்தால் கொம்புப் பல்லி. நேரமும் ஒரு அடையாளம். ரேமண்ட் கௌல்ஸும் சார்ல்ஸ் போகர்ட்டும் 1944இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான், வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போயே பல்லிகள் தங்கள் உடல் சூட்டைக் கட்டுப்படுத்துகின்றன என்பது தெளிவாயிற்று. மற்றவையெல்லாம் நிழலுக்கு ஓடிய உச்சிவெயிலில் ஒன்று ஹாயாக உலாத்தினால் அது பாலைவன இகுவானாவாக இருக்கலாம். சக்வாலா பாறை இடுக்கில் புகுந்து உடம்பை ஊதிக்கொள்ளும், இழுத்தாலும் வராது. அந்தப் பெயர் பூர்வகுடி மொழிகளிலிருந்து வந்தது. கூரான குச்சியால் குத்திக் காற்றை இறக்கி வெளியே எடுக்க அந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது. அறிவியல் பெயரில் ஊர்பேர் தெரியாத சிப்பாய்கள்கூட இடம்பிடித்திருக்க, இந்த ஒரு பல்லியிலாவது அவர்கள் சொல் தங்கியது.

இரவுப் பல்லி இந்தப் பட்டியல் எதிலும் சிக்காது. 1890களில் ஜான் வான் டென்பர்க் மொஹாவேயில் கீழே விழுந்து கிடந்த ஜோஷுவா மரக் கிளைகளைப் புரட்டினார். அங்கே இருந்தன. இன்னொரு கிளை, அங்கேயும் இருந்தன. அபூர்வப் பல்லி என்ற கதை அத்தோடு முடிந்தது. எங்கள் தொழிலில் இது பழகிய சமாச்சாரம்: லாகில் ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, அந்த இடத்தில் யாரும் லாக் போடவே இல்லை என்றும் இருக்கலாம்.

கிளைக்கு அடியில் தெரியவந்த வாழ்க்கை வேறு மாதிரி. கரையான், எறும்பு, சின்ன வண்டுதான் சாப்பாடு. முட்டை போடுவதில்லை, ஒரு ஈட்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று குட்டி. குட்டிகளில் பல, சில வருஷம்வரை அப்பா அம்மாவோடு அதே மரத்தடியில் தங்கிவிடுகின்றன. அலிசன் டேவிஸ், பாரி சினெர்வோ குழு இந்தக் குடும்பங்களை மரபணு வழியாக உறுதிசெய்தது. பல்லி என்றால் பிறந்ததும் தனிக்கட்டை என்ற பொது எண்ணத்துக்கு இது நேரெதிர். ஒரு மரத்தை விட்டு இன்னொன்றுக்கு இவை அதிகம் நகர்வதும் இல்லை.

அதனால்தான் தீ எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. 2020 ஆகஸ்டில் மொஹாவே தேசியக் காப்பகத்தின் சீமா டோம் பகுதியில் மின்னல் விழுந்து பிடித்த தீ 43,273 ஏக்கரை எரித்தது. சுமார் 13 லட்சம் ஜோஷுவா மரங்கள் போயின. 2023இல் இன்னொரு தீ, சுமார் 93,000 ஏக்கர். செடிக்கும் செடிக்கும் நடுவே வெறுந்தரை கிடந்த காலத்தில் இந்தப் பாலைவனத்தில் தீ அவ்வளவு சுலபமாகப் பரவியதில்லை. வெளியிலிருந்து வந்த புற்கள் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டன. நிற்கும் மரத்தைத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். விழுந்து கிடந்த மரத்துக்குக் கணக்கு இல்லை. ஜோஷுவா மரம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும். இன்று ஒரு கன்று நட்டால், அது வளர்ந்து, செத்து, விழுந்து, கரையான் ஏறி, ஒரு பல்லிக் குடும்பத்துக்கு வீடாக எத்தனை தலைமுறை ஆகும்? அபூர்வம் என்று ஒருமுறை தவறாகச் சொன்னோம். அது சரியாகிவிடக்கூடும் என்பதுதான் என் பயம்.

எரியாத இடங்களில் இன்னும் நிறைய இருக்கின்றன. போனால் கட்டையைப் புரட்டாதீர்கள். அடியில் இருக்கும் ஈரமும் நிழலும் ஒரு குடும்பத்தின் மொத்தச் சொத்து, திருப்பி வைத்தாலும் பழையபடி பொருந்தாது. போட்டோ வேண்டுமென்றால் பக்கத்திட்டுப் பல்லி இருக்கிறது. காலை வெயிலில், பாறைமேல், உங்களைப் பார்த்துத் தண்டால் எடுத்துக்கொண்டு.