செஞ்சோற்றுக் கடனும் ஒரு மேசைப்பந்து ஆட்டமும்

இலக்கியம் பேசும் இந்த இடத்தில் மேசைப்பந்துக்கு என்ன வேலை என்று வாசக நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் வகுப்பறையில் கர்ணனைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருபவர் ஒரு சீனப் பெண். உண்ட சோற்றுக்காக உயிரையே கொடுத்தவன் கர்ணன். இவரோ, உண்ட சோற்றுக்காக ஓர் ஆட்டத்தைத் தோற்றுக் கொடு என்று பணிக்கப்பட்டு, அதைச் செய்யாதவர். செஞ்சோற்றுக் கடன் என்ற நம் பழைய சொல்லாட்சியை எதிர்ப்புறத்திலிருந்து பார்க்க இவருடைய வரலாறு உதவுகிறது என்பதால் இங்கே எழுதத் துணிந்தோம்.

அவர் பெயர் ஹே ஜிலி. 1964-இல் ஷாங்காயில் பிறந்தவர். 1987 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நம் புது தில்லியில் நடந்த 39ஆவது உலக மேசைப்பந்துப் போட்டியில் பெண்கள் ஒற்றையர் அரையிறுதிக்கு வந்திருந்தார். எதிரே நின்றவரும் சீனரே: குவான் ஜியான்ஹுவா. மற்றோர் அரையிறுதியிலிருந்து முன்னேறியவர் தென்கொரியாவின் யாங் யங்-ஜா. 1983-இல் டோக்கியோவில் இறுதிவரை வந்து சீனத்தின் சாவ் யான்ஹுவாவிடம் தோற்றவர் அவர். நான்காண்டு காத்திருந்து மீண்டும் அதே வாசலில் நின்ற அவரைச் சீனப் பயிற்சியாளர்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

அவர்கள் போட்ட கணக்கு எளியது. குவான் தற்காப்பு ஆட்டக்காரர். மேசையிலிருந்து விலகி நின்று, வரும் பந்தையெல்லாம் வெட்டித் திருப்பி எதிரியைச் சலிக்கவைப்பவர். யாங்கை வீழ்த்த அத்தகைய ஆட்டமே ஏற்றது என்று முடிவு செய்தார்கள். ஆகவே ஹே ஜிலி அரையிறுதியில் தோற்க வேண்டும். குவான் களைப்பின்றி இறுதிக்குப் போக வேண்டும். ஆணை வந்தது. ஹே ஜிலி அதை எதிர்த்து வாதாடவில்லை என்கிறார்கள். மேசைக்கு வந்தார், ஆடினார், வென்றார். பிறகு இறுதியாட்டத்தில் யாங்கையும் வென்று, பெண்கள் ஒற்றையருக்கான கீஸ்ட் கோப்பையைச் சீனத்துக்கே பெற்றுத் தந்தார். பயிற்சியாளர்களின் கணக்கு பொய்த்தது. நாட்டுக்கு வரவேண்டிய கோப்பை வந்து சேர்ந்தது. கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஏன் என்று விளங்க, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

சீனருக்கு மேசைப்பந்து வெறும் விளையாட்டாக இருந்ததில்லை. 1959-இல் டார்ட்மண்ட் நகரில் ரோங் குவோதுவான் ஆண்கள் ஒற்றையர் பட்டம் வென்றபோது, எந்த விளையாட்டிலும் புதிய சீனத்துக்குக் கிட்டிய முதல் உலகப் பட்டம் அதுவாக இருந்தது. 1961-இல் பீக்கிங் நகரிலேயே உலகப் போட்டியை நடத்தினார்கள். பெரும்பஞ்சம் கிராமங்களைத் தின்றுகொண்டிருந்த ஆண்டு அது. அந்த ஆண்டில்தான் சியூ ஜோங்ஹுய் பெண்கள் ஒற்றையரில் வென்று சீனத்தின் முதல் உலகச் சாம்பியன் பெண்மணி ஆனார். வயிறு காய்ந்திருந்த ஒரு தேசம் தன்னம்பிக்கையை ஒரு சிறு வெண்பந்தில் தேடிக்கொண்டது என்று சொன்னால் அது மிகையல்ல. (அந்தத் தேசம் தன் முதல் வீரனை எப்படி நடத்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலாச்சாரப் புரட்சியின் கொடுமை தாளாமல் ரோங் 1968-இல் தூக்கிட்டு மாண்டார்.)

இத்தகைய சூழலில் ஒரு வெற்றி யாருடையது? ஆடியவருடையதா, ஆட வைத்தவர்களுடையதா? சிறுவயதிலேயே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, விளையாட்டுப் பள்ளியில் சேர்த்து, உணவும் உடையும் பயிற்சியும் கொடுத்து வளர்த்தது அரசு. ஆகவே வெற்றி அரசுடையது. யார் வெல்வது என்பதையும் அரசே தீர்மானிக்கும். 1961, 1963, 1965 ஆகிய மூன்று உலகப் போட்டிகளிலும் ஆண்கள் இறுதியாட்டத்தில் மோதியவர்கள் ஜுவாங் சேதுங்கும் லி ஃபுரோங்கும். மூன்று முறையும் ஜுவாங் வென்றார். லி விட்டுக்கொடுக்கப் பணிக்கப்பட்டார் என்ற செய்தி பின்னாளில் சீனத்திலேயே வெளிப்படையாகப் பேசப்பட்டது. லி முணுமுணுக்கவில்லை; பிறகு விளையாட்டு நிர்வாகத்தில் உயர்ந்த பதவிகளை வகித்தார்.

இந்த வழக்கத்துக்குச் சீன மொழியில் ஒரு சொல் உண்டு: 'ராங் சியூ'. பந்தை விட்டுக்கொடுத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். 'ராங்' என்ற சொல் இழிவானதன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். பெரிய பேரிக்காய்களை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுச் சிறியதைத் தனக்கென எடுத்துக்கொண்ட கோங் ரோங் என்ற சிறுவனின் கதையைச் சீனக் குழந்தைகள் எல்லோரும் கேட்டு வளர்கிறார்கள். அந்தச் சிறுவன் செய்ததும் 'ராங்'தான். நம் மொழியிலும் 'விட்டுக்கொடுத்துப் போ' என்பது பெரியோர் சொல்லும் புத்திமதியே. பேரிக்காயை விட்டுக்கொடுப்பவன் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறான். ஆணைப்படி தோற்பவரோ, பார்வையாளருக்கும் எதிர்நின்று உண்மையில் போராடுபவருக்கும் உரிய ஒன்றையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறார். ஒரே சொல் இரண்டையும் மூடிவிட்டது.

பெண்கள் அணிக்கும் இந்தப் பாடம் முறையாகவே நடத்தப்பட்டது. 1964-இல் ஷு யின்ஷெங் என்ற வீரர், மேசைப்பந்து ஆடுவது எப்படி என்று பெண்கள் அணியினரிடம் ஓர் உரை நிகழ்த்தினார். மாவோ சேதுங் அதைப் படித்து வியந்து பாராட்ட, நாடெங்கும் அது பாடமாகப் பரவியது. மறு ஆண்டே சீனப் பெண்கள் முதன்முறையாக அணிக்கோப்பையை வென்றார்கள். காலம் சுழன்றது. 1987-இல் ஹே ஜிலி ஆணையை மீறியபோது சீன மேசைப்பந்துக் கழகத்தின் தலைவராக இருந்தவர் அதே ஷு யின்ஷெங்.

மறு ஆண்டு, 1988-இல், சியோல் ஒலிம்பிக்ஸ். மேசைப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக் ஆட்டமாக இடம்பெற்றது. நடப்பு உலகச் சாம்பியனுக்குச் சீன அணியில் இடமில்லை. சென் ஜிங், லி ஹுய்ஃபென், ஜியாவ் ஜிமின் ஆகிய மூவர் அனுப்பப்பட்டார்கள். தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் அதே வரிசையில் அவர்களே வென்று வந்தார்கள். ஹே ஜிலி இல்லாமலும் எங்களால் முடியும் என்று நிர்வாகம் சொல்ல விரும்பியிருந்தால், அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

இந்த இடத்தில் நாம் ஹே ஜிலியின் பக்கம் முழுமனத்தோடு சாய்ந்துவிடுவது எளிது. சற்று நிதானிக்கிறோம். தில்லியில் அரையிறுதிக்கு முந்திய சுற்றில் அவர் வென்றது சென் ஜிங்கை. அங்கே சென் ஜிங் அவருக்கு விட்டுக்கொடுக்கப் பணிக்கப்பட்டார் என்று அணியைச் சேர்ந்தவர்கள் பின்னர் சொன்னார்கள். அப்படியானால், தனக்கு விட்டுக்கொடுக்கப்பட்டபோது ஏற்றுக்கொண்டு, தன் முறை வந்தபோது மறுத்தவர் ஆகிறார் அவர். அவர்மீது அணியினர் கொண்ட கசப்புக்கு இதுவே வேர். அதை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் ஒரு தவறான ஏற்பாட்டில் முதலில் நன்மை பெற்றவர் பிறகு அதை உடைத்தால், உடைத்தது தவறாகிவிடுமா? நாம் அப்படி நினைக்கவில்லை. அடைந்த பயன் அவரைத் தூயவர் என்று சொல்லவிடாது, அவ்வளவே.

பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜாங் ஷியேலினையும் கொடியவராகச் சித்திரிக்க இயலவில்லை. ஜெங்ஜோ நகரிலிருந்து வந்த ஒரு சிறுமியை, ஒன்றரை மீட்டர் உயரம்தான் என்று மற்றவர்கள் ஒதுக்கியபோது, தேசிய அணியில் சேர்த்தே ஆகவேண்டும் என்று வாதாடியவர் அவரே. அந்தச் சிறுமி டெங் யாபிங். 1992 பார்சிலோனாவிலும் 1996 அட்லாண்டாவிலும் ஒற்றையர், இரட்டையர் என நான்கு ஒலிம்பிக் தங்கங்கள் வென்றார். 1991, 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டமும் அவருக்கே. ஆட்டத்தை விட்ட பிறகு படிக்கத் தொடங்கி, 2008-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டமும் பெற்றார். ஒருவரை விலக்கிய அதே அமைப்பு, அதே கைகள், இன்னொருவரை உயர்த்தின.

ஹே ஜிலி ஒரு ஜப்பானியரை மணந்து ஒசாகா சென்றார். ஜப்பானியக் குடியுரிமை பெற்றுக் கோயாமா சிரே ஆனார். 'கோயாமா' கணவரின் குடும்பப்பெயர். 'சிரே' புதுப் பெயரன்று; 'ஜிலி' என்ற சீனப் பெயரை ஒட்டிய ஜப்பானிய வடிவம் அது. ஒரு வங்கியின் அணிக்காக ஆடினார். ஜப்பானிய தேசிய ஒற்றையர் பட்டத்தை எட்டு முறை வென்றார்.

1994 அக்டோபர், ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுகள். முப்பது வயதுக் கோயாமா அரையிறுதியில் சீனத்தின் சியாவ் ஹோங்கை வீழ்த்தினார். இறுதியில் எதிர்நின்றவர் இருபத்தொரு வயது டெங் யாபிங், உலகமே வெல்ல முடியாதவர் என்று நம்பிய ஒலிம்பிக் சாம்பியன். கோயாமா வென்றார். ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் 'யோஷி!' என்று ஜப்பானிய மொழியில் முழங்கியது தொலைக்காட்சி வழியாகச் சீன வீடுகளுக்குள் ஒலித்தது. ஷாங்காயையும் நான்ஜிங்கையும் ஆக்கிரமித்தவர்களின் மொழி அது. ஷாங்காய்க்காரி ஒருத்தி அந்த மொழியில் ஆர்ப்பரித்ததைச் சீன ரசிகர்கள் மன்னிக்கவில்லை. துரோகி என்று தூற்றினார்கள். தில்லியில் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகப் பேசியவர்களில் பலரும் ஹிரோஷிமாவுக்குப் பிறகு வாயடைத்துப் போனார்கள். 1987-இல் மீறியது பயிற்சியாளரின் ஆணையை. 1994-இல் தொட்டது மக்களின் ஆறாப் புண்ணை. கர்ணன் பக்கம் மாறியிருந்தால் அஸ்தினாபுரத்துத் தெருக்களில் என்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நாட்டை விட்டு வெளியேறியவர் அவர் மட்டுமல்லர். சியோலில் வெண்கலம் வென்ற ஜியாவ் ஜிமின் தென்கொரிய ஆட்டக்காரர் ஆன் ஜே-ஹியுங்கை மணந்து அங்கே குடியேறினார். அவர்கள் மகன் பின்னர் பெயர்பெற்ற கோல்ஃப் ஆட்டக்காரர் ஆனார். தங்கம் வென்ற சென் ஜிங் தைவானுக்காக ஆடி 1996-இல் வெள்ளியும் 2000-இல் வெண்கலமும் பெற்றார். இவ்வாறு சென்றவர்களைச் சீனத்தில் 'கடல்கடந்த படை' என்று அழைத்தார்கள். படை என்ற சொல்லில் எள்ளலும் உண்டு, அச்சமும் உண்டு. கோயாமா 1996, 2000 ஒலிம்பிக்குகளில் ஜப்பானுக்காக ஆடினார்; பதக்கம் கிட்டவில்லை. ஒலிம்பிக் பதக்கம் என்ற ஒன்று அவருக்குக் கடைசிவரை வாய்க்கவே இல்லை.

வழக்கமோ தில்லியோடு ஒழியவில்லை. பூப்பந்து வீராங்கனை யே ஜாவோயிங், 2000 சிட்னி ஒலிம்பிக் அரையிறுதியில் தன் நாட்டவரான கோங் ஜிசாவோவிடம் தோற்கும்படி தான் பணிக்கப்பட்டதை, 2022-இல் டேனிஷ் தொலைக்காட்சி ஒன்றில் சொன்னார். இருபத்திரண்டு ஆண்டுகள் சுமந்த சொல் அது. அவர் பணிந்தவர், ஆகவே அவருக்குக் கிட்டியது வெண்கலமும் மௌனமும்.

தில்லிக் கதையில் நாம் அதிகம் பேசாமல் விட்ட ஒருவர் குவான் ஜியான்ஹுவா. அன்று மேசைக்கு வந்தபோது, எதிரே நிற்பவர் தோற்கப்போகிறார் என்றே அவருக்கும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். முதல் சில பந்துகள் வந்த வேகத்திலேயே அவருக்குப் புரிந்திருக்கும். ஆயத்தமில்லாமல், ஓர் உண்மையான அரையிறுதியை அவர் ஆட வேண்டியதாயிற்று.