பைப்பர் கப் வானூர்தியின் தரைப்பலகைகள்

பைப்பர் ஜே-3 கப் என்பது அமெரிக்காவில் 1938 முதல் 1947 வரை உருவாக்கப்பட்ட, இரண்டு இருக்கைகள் கொண்ட இலகு வானூர்தி ஆகும். மஞ்சள் நிறத்தாலும் பக்கவாட்டில் ஓடும் கறுப்பு மின்னல் கோட்டாலும் இதை எளிதில் அடையாளம் காணலாம். படைத்துறைக்காகச் செய்யப்பட்டவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 20,000 வானூர்திகள் உருவாயின. அவற்றுள் பல இன்றும் பறக்கின்றன. இத்தகைய பழைய வானூர்தியை மீட்டமைக்கும்போது செய்யப்படும் வேலைகளில் ஒன்று, உட்புறத்தில் கால் வைக்கும் தரைப்பலகைகளை மாற்றுதல். பார்வைக்கு இது சிறு தச்சு வேலை. ஆனால் வானூர்தியின் பாதுகாப்பும் அதன் வரலாறும் சந்திக்கும் இடமாக இப்பலகை இருக்கிறது.

தோற்றம்

கப் வானூர்தியின் முன்னோடியை டெய்லர் சகோதரர்களின் நிறுவனம் பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டு நகரில் உருவாக்கியது. 1930-இல் அந்நிறுவனம் நொடித்துப்போனது. அதன் உடைமைகளை எண்ணெய்த் தொழிலில் இருந்த வில்லியம் பைப்பர் வெறும் 761 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். 1937 மார்ச் மாதம் பிராட்ஃபோர்டு தொழிற்சாலை தீக்கு இரையானது. அதன்பின் உற்பத்தி அதே மாநிலத்தின் லாக் ஹேவன் நகரில் கைவிடப்பட்டிருந்த ஒரு பட்டு ஆலைக்கு மாறியது. நிறுவனமும் பைப்பர் என்ற பெயரைப் பெற்றது.

சாதாரண மனிதரும் வாங்கிப் பறக்கக்கூடிய வானூர்தி வேண்டும் என்பது பைப்பரின் நோக்கம். ஆகவே விலை குறைவாகவும் அமைப்பு எளிமையாகவும் வைக்கப்பட்டன. தொடக்கத்தில் 40 குதிரைத்திறன் கொண்ட எந்திரமும் பின்னர் 65 குதிரைத்திறன் எந்திரமும் பொருத்தப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் அமெரிக்க அரசு தொடங்கிய குடிமக்கள் வானோட்டிப் பயிற்சித் திட்டத்தில் 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்றனர். அவர்களில் பெரும்பாலோர் முதலில் ஏறியது கப் வானூர்தியில்தான். போரின்போது எல்-4 என்ற பெயரில் இது படையின் கண்காணிப்புப் பணிக்கும் சென்றது.

உடற்பகுதியின் அமைப்பு

கப் வானூர்தியின் உடற்பகுதி உருக்குக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த ஒரு கூடு. அதன்மேல் பருத்தித் துணி இழுத்துப் போர்த்தப்பட்டு, டோப் எனப்படும் பூச்சால் இறுக்கப்பட்டிருக்கும். அடிப்பகுதியிலும் இதே துணிதான். ஆகவே உள்ளே அமர்வோரின் காலுக்கும் வெளியே உள்ள காற்றுக்கும் இடையில் இருப்பவை ஒரு மெல்லிய பலகையும் ஒரு துணியும் மட்டுமே.

அப்பலகை ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட் ஆகும். மரத்தின் மெல்லிய ஏடுகளை இழையோட்டம் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கி ஒட்டினால் ஒட்டுப்பலகை கிடைக்கும். எடை குறைவு, எல்லாத் திசையிலும் வலிமை, எளிதில் வெட்டும் வசதி ஆகியவை இதன் நன்மைகள். முழு வானூர்தியின் வெற்று எடையே சுமார் 350 கிலோகிராம் என்பதால் இந்த எடைச் சிக்கனம் முக்கியமானது.

இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. எடைச் சமநிலைக்காகத் தனியாகப் பறப்பவர் பின் இருக்கையில் அமர வேண்டும். இரண்டு இருக்கைகளுக்கும் தனித்தனியே இயக்குகோலும் சுக்கான் மிதிகளும் உண்டு. இயக்குகோல்கள் பலகையிலுள்ள துளைகள் வழியாக மேலே வருகின்றன. அவற்றை இணைக்கும் குழாய் பலகையின் அடியில் உள்ளது. பிரேக் மிதிகளைக் குதிகாலால் அழுத்த வேண்டும். எனவே இப்பலகை வெறும் தரை அன்று. வானோட்டியின் குதிகாலுக்கு அதுவே தாங்குமிடம்.

பலகை பழுதாகும் விதம்

கப் வானூர்திகள் பெரும்பாலும் புல்தரைத் திடல்களில் பறந்தன. ஏறி இறங்கும் கதவு வலப்பக்கத்தில் உள்ளது. ஈரமும் சேறும் காலணியோடு அவ்வழியே உள்ளே வந்தன. கதவைத் திறந்து வைத்துப் பறக்கும் வழக்கமும் உண்டு. மாணவர் மாறி மாணவர் ஏறிய பயிற்சி வானூர்திகளில் குதிகால் படும் இடம் தேய்ந்து குழியாயிற்று.

ஒட்டுப்பலகையில் நீர் முதலில் புகுவது அதன் விளிம்புகளிலும் திருகாணித் துளைகளிலும்தான். அங்கே மர இழைகளின் வெட்டுமுனை திறந்திருக்கிறது. பழைய காலத்தில் விமான மரவேலைக்குப் பரவலாகப் பயன்பட்டது பாலிலிருந்து எடுக்கப்படும் கேசின் பசை. அது உலர்ந்த நிலையில் உறுதியானது. ஆனால் தொடர்ந்த ஈரத்தில் வலுவிழக்கும், பூஞ்சைக்கும் இரையாகும். பசை விட்டால் ஏடுகள் பிரியும். பிரிந்த பலகை மேலே வழவழப்பாகத் தோன்றினாலும் காலை வைத்தால் அமுங்கும்.

பலகையின் அடியில்

மீட்டமைப்போர் பலகையைக் கழற்றுவது பலகைக்காக மட்டும் அன்று. அடியில் உள்ளதைப் பார்ப்பதற்காகவும்தான். பல ஆண்டுகளாகச் சேர்ந்த மண், காய்ந்த புல், எலிக்கூடு, தவறவிட்ட நாணயம், எழுதுகோல், திருகாணி எனப் பலவும் அங்கே கிடப்பதுண்டு. இவற்றால் இரண்டு ஆபத்துகள் உள்ளன.

முதலாவது, துரு. குப்பை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலியின் சிறுநீர் உருக்கை அரிக்கும். கப் வானூர்தி தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்திருப்பதால் உள்ளே புகுந்த நீர் பின்னோக்கி ஓடி, அடிப்பக்க நீளக் குழாய்களின் கடைசியில் தேங்கும். வெளியே வண்ணம் நன்றாக இருக்க, குழாயின் சுவர் மெலிந்து போயிருக்கலாம். இதனால் கூர்முனைக் கருவியால் குழாயை ஆங்காங்கே குத்திப் பார்ப்பது வழக்கம். மெலிந்த இடம் அமுங்கிவிடும். அத்தகைய குழாயை வெட்டி எடுத்துப் புதுத் துண்டைப் பற்றவைக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து இன்னும் கடுமையானது. பலகையின் விரிசல் வழியே விழுந்த ஒரு சிறு பொருள் இயக்குகோல் அமைப்பில் சிக்கிக்கொண்டால், பறக்கும்போது கோல் அசையாமல் நின்றுவிடலாம். ஆகவே துளையின் அளவு, பலகைகளின் இணைப்பு, துளையை மூடும் உறை ஆகியவை அழகுக்கானவை அல்ல, உயிர் காக்கும் ஏற்பாடுகள் ஆகும்.

புதிய பலகை செய்தல்

பழைய பலகை எவ்வளவு சிதைந்திருந்தாலும் அதை எறிந்துவிடக் கூடாது என்பது முதல் விதி. அதுவே அச்சு. ஒரே தொழிற்சாலையில் செய்தவையானாலும் கையால் பற்றவைத்த கூடுகளில் சிறு வேறுபாடுகள் இருக்கும். எனவே பழைய பலகையைப் புதியதன்மேல் வைத்து வரைந்து, சற்றுப் பெரிதாக வெட்டி, பின்பு கூட்டுக்குள் வைத்துப் பார்த்து இழைத்துச் சரிசெய்வர்.

பலகைக்குக் கடையில் கிடைக்கும் வீட்டுத் தேவைக்கான பிளைவுட் ஏற்றதன்று. அதன் உள் ஏடுகளில் இடைவெளிகள் இருக்கலாம். விமானத் தரத்துக்கென்று செய்யப்படும் பிர்ச் அல்லது மகோகனி ஒட்டுப்பலகையையே பயன்படுத்த வேண்டும். தடிமனையும் மனம்போல் கூட்டக் கூடாது. எடை கூடும், மிதிகளுக்கும் குதிகாலுக்கும் உள்ள உயரமும் மாறும்.

வெட்டிய பின் இருபுறமும், குறிப்பாக விளிம்புகளிலும் துளைகளின் உட்சுவரிலும், வார்னிஷ் பலமுறை பூசப்படுகிறது. அடிப்புறம் கண்ணில் படாது என்று விட்டுவிடுவதே பழைய பலகைகள் கெட்டதற்கு ஒரு காரணம். பொருத்துவதற்கு வசதியாக இருக்கிறதென்று உருக்குக் குழாயில் புதிதாகத் துளையிடுவது கூடாது. ஏற்கெனவே உள்ள பிடிப்புகளில்தான் திருகாணி முடுக்கப்பட வேண்டும். கடைசியாக இயக்குகோலையும் மிதிகளையும் எல்லாத் திசைகளிலும் முழு எல்லைவரை அசைத்து, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

அமெரிக்க விதிகளின்படி, உரிமையாளர் தம் சொந்த வானூர்திக்கு முறையான வடிவமைப்புத் தரவுகளைக் கொண்டு பாகம் செய்துகொள்ள இடமுண்டு. ஆயினும் செய்த வேலை பராமரிப்புப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும்.

பழமையும் பாதுகாப்பும்

அருங்காட்சியகத்தில் நிற்கும் வானூர்திக்கும் பறக்கும் வானூர்திக்கும் நோக்கம் வேறு. முன்னதில் தேய்ந்த பலகையே சான்று. எந்த இருக்கையில் அதிகம் பறந்தார்கள், எந்தக் கால் அதிகம் தேய்த்தது என்பதை அது காட்டும். அதை மாற்றினால் அச்சான்று அழியும். பின்னதில் அதே பலகையை வைத்திருப்பது உயிருடன் விளையாடுவதாகும். எனவே பறக்கும் வானூர்திக்குப் புதிய பலகை இட்டு, பழையதை உரிய குறிப்புடன் பாதுகாத்து வைப்பதே சிறந்த வழி. பழைய கேசின் பசையைத் தவிர்த்து நவீனப் பசை கொண்ட பலகையை ஏற்பதும் இக்காரணத்தால்தான். வடிவம் பழையதாக இருக்கலாம், பசை பழையதாக இருக்க வேண்டியதில்லை.

லாக் ஹேவன் தொழிற்சாலை 1972-ஆம் ஆண்டு ஆக்னஸ் புயல் வெள்ளத்தில் பெரும் சேதமடைந்தது. 1980-களில் அது மூடப்பட்டது. இன்று அந்நகரில் பைப்பர் அருங்காட்சியகம் உள்ளது. ஆண்டுதோறும் கப் வானூர்திகள் அங்கே பறந்து வந்து கூடுகின்றன.

இந்தியாவிலும் இத்தகைய அமைப்புக்கு எடுத்துக்காட்டு உண்டு. இந்துஸ்தான் வானூர்தி நிறுவனம் உருவாக்கி 1958-இல் முதன்முதலாகப் பறந்த புஷ்பக், உருக்குக் குழாய்க் கூடும் துணிப் போர்வையும் கொண்ட இரண்டு இருக்கை வானூர்தியே. பறக்கும் கழகங்களில் பலர் அதில் பயிற்சி பெற்றனர். அத்தகைய வானூர்தி எங்கே நின்றாலும், அதை மீண்டும் பறக்கச் செய்ய விரும்புவோர் முதலில் திறந்து பார்க்க வேண்டிய இடங்களுள் ஒன்று காலடிப் பலகையின் கீழ்ப்புறம் ஆகும்.