நாளுக்கொரு கோடு

சித்திரம் எழுதும் ஆற்றல் பிறவியிலேயே வருவது என்றொரு எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. அழகாக வரையும் பிள்ளையைக் கண்டால், "இவனுக்குக் கை வாய்த்திருக்கின்றது" என்கிறோம். கோடு கோணலாகப் போகும் பிள்ளையைக் கண்டாலோ, "இவனுக்குக் கை வராது" என்று கூறிப் பென்சிலை வாங்கி வைத்துவிடுகிறோம். ஒரு சொல்லினால் வாழ்நாள் முழுவதற்கும் அடைபட்டுப்போகும் கதவுகளுள் இதுவும் ஒன்று.

நம் முன்னோர் இவ்வாறு கருதினாரல்லர். ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடலொன்று மனிதனுடைய சிறப்புக்களை இரு கூறாக வகுக்கின்றது. நட்பு, தயை, கொடை என்பனவற்றைப் பிறவிக் குணங்கள் என ஒருபுறம் வைக்கும் அப்பாடல், சித்திரத்தைப் பழக்கத்தால் வருவனவற்றின் வரிசையிலே முதலாவதாக வைக்கின்றது. கையின் பழக்கமே சித்திரம் என்பது அதன் முடிபு. இம்முடிபு தமிழருக்கு மட்டும் உரியதன்று. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலங்களில் வாழ்ந்த ஓவியர்கள் தத்தம் அனுபவத்தினால் இதே முடிபுக்கு வந்தனர். அவர்களுட் சிலருடைய வரலாற்றை இன்று நோக்குவோம்.

கி.மு. நான்காம் நூற்றாண்டிலே வாழ்ந்தவர் அப்பெலீஸ் என்னும் கிரேக்க ஓவியர். மகா அலெக்சாந்தரின் உருவத்தை எழுதும் பேறு பெற்றவர். அவரைப் பற்றி நாம் அறிவனவற்றுட் பலவும், கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் உரோம ஆசிரியர் எழுதி வைத்தவையே. அப்பெலீஸ் ரோட்ஸ் தீவிலே வாழ்ந்த புரொட்டோஜெனீஸ் என்ற ஓவியரைக் காணச் சென்றாராம். அவ்வேளை அவர் வீட்டில் இல்லை. காவலுக்கிருந்த மூதாட்டி, வந்தவர் யாரென்று கேட்டாள். அப்பெலீஸ் தம் பெயரைச் சொல்லவில்லை. அங்கிருந்த பலகையிலே தூரிகையால் மிக மெல்லிய கோடொன்றை இழுத்துவிட்டு, "இவர் வந்தார் என்று சொல்" எனக் கூறிச் சென்றார். திரும்பி வந்த புரொட்டோஜெனீஸ் கோட்டைப் பார்த்த மாத்திரத்தே வந்தவர் அப்பெலீஸ் என உணர்ந்து, அதன்மேல் அதனினும் மெல்லிய கோடொன்றை வேறு நிறத்தில் இட்டார். மீண்டும் வந்த அப்பெலீஸ் அவ்விரண்டையும் பிளந்து செல்லும் மூன்றாவது கோட்டை இட, மற்றவர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

கதையின் எவ்வளவு உண்மையோ, எவ்வளவு கற்பனையோ, அது கிடக்க. இக்கதையைக் கூறியபின் பிளினி கூறுவதே நமக்கு வேண்டியது. எவ்வளவு அலுவல் இருந்தபோதிலும், ஒரு கோடாவது இட்டுத் தம் கலையைப் பயிலாமல் அப்பெலீஸ் ஒரு நாளையும் கழித்ததில்லை என்பதும், அதுவே பின்னர் பழமொழியாயிற்று என்பதும் அவர் தரும் செய்தி. ஆளை அறிவிக்கும் அக்கோடு ஒரு நாளில் வந்ததன்று. எண்ணற்ற நாள்களின் கோடுகளால் விளைந்தது.

இனி இத்தாலி நாட்டிற்குச் செல்வோம். 1400ஆம் ஆண்டையொட்டிச் சென்னீனோ சென்னீனி என்னும் ஓவியர் தம் தொழிலின் நுட்பங்களையெல்லாம் திரட்டி ஒரு நூல் எழுதினார். அக்காலத்திலே காகிதம் அருமையான பொருள். ஆகவே தொடக்க மாணவனுக்கு அவர் காட்டும் கருவி, ஒரு சாண் அளவான சிறு மரப்பலகை. கோழி எலும்பை வெண்ணிறமாகும்வரை எரித்து, நன்றாக அரைத்து, அப்பொடியை உமிழ்நீரிற் குழைத்துப் பலகையின்மேல் மெல்லியதாகப் பூசவேண்டும். பூச்சுக் காய்ந்ததும் வெள்ளி முனையுள்ள எழுத்தாணியால் வரையவேண்டும். வரைந்ததை அழித்து, மீண்டும் பூசி, மீண்டும் வரையலாம். நமது திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகிய முறையை இது நினைவூட்டுகின்றதன்றோ? எழுதியது நிலைப்பதில்லை, எழுதிய பழக்கமே நிலைக்கின்றது.

இச்சிறு பலகையில் ஓராண்டு; வண்ணம் அரைத்தல், பசை காய்ச்சுதல் முதலிய பட்டறை வேலைகளில் ஆறாண்டு; வண்ணந் தீட்டுதலில் மேலும் ஆறாண்டு; ஆகப் பதின்மூன்று ஆண்டுகளைச் சென்னீனி வகுக்கின்றார். இவ்வாண்டுகள் முழுவதிலும், வேலை நாளாயினும் விடுமுறை நாளாயினும், வரைதலை மட்டும் விடலாகாது என்பது அவர் கட்டளை. ஒரு நாளில் வரைவது சிறிதேயாயினும் அது வீண்போகாது என்று அவர் தேற்றுவதும் கருதத்தக்கது. பெரிய ஓவியத்தை நாள்தோறும் எழுதென்று அவர் கூறவில்லை. சிறிதாயினும் நாள்தோறும் எழுதென்றே கூறினார். நம் நாட்டுச் சிங்களச் சித்திர மரபிலும் மாணவன் முதலிற் பயில்வது 'வக தெக' எனப்படும் இரட்டை வளைகோடே. அவ்வளைவு கைக்கு வசமான பின்னரே கொடியும் மலரும் வருகின்றன.

நாட்பயிற்சியின் பயனை முழுமையாகக் காட்டும் வாழ்க்கை யப்பானிய ஓவியர் ஹொக்குசாயினுடையது. 1760ஆம் ஆண்டில், இன்று தோக்கியோ எனப்படும் ஏடோ நகரிலே பிறந்தவர் அவர். இளமையில் அச்சுக்கான மரக்கட்டை செதுக்கும் தொழிலைப் பயின்று, பின்னர் ஓவியர் பட்டறையொன்றிற் சேர்ந்தார். 1812ஆம் ஆண்டளவிலே, சித்திரத்தை விரைவாகக் கற்பதற்கான கைந்நூலொன்றை வெளியிட்டார். எவ்வுருவத்தையும் வட்டமாகவும் சதுரமாகவும் பகுத்துக் காணலாம் என்பதை அளவுகோல், கவராயம் என்பவற்றின் துணையுடன் அந்நூலிலே விளக்கினார். 1814ஆம் ஆண்டிலே 'மங்கா' என்னும் சித்திரத் தொகுதியின் முதலாம் பாகம் வெளிவந்தது. மற்போர் செய்வோர், கூடை முடைவோர், மீன், பூச்சி, மழை, காற்று என்று கண்ணிற் பட்டவற்றையெல்லாம் தீட்டிய அத்தொகுதி பதினைந்து பாகங்களாக வளர்ந்தது; இறுதிப் பாகம் அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின், 1878இலேதான் வெளியாயிற்று. அதிலுள்ள உருவங்கள் ஏறக்குறைய நாலாயிரம்.

உலகம் முழுவதும் அறிந்த அவருடைய 'பேரலை' என்னும் படத்தை நேயர்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். வானளாவ எழுந்து நுரைவிரல்களை நீட்டும் அலை. அதன் கீழே ஒடுங்கிய படகுகள். தொலைவிலே சிறு குன்றுபோல் தோன்றும் பூஜி மலை. ஏறக்குறைய 1831ஆம் ஆண்டில், எழுபது வயதளவில் அவர் எழுதியது அது. ஆனால் 1797ஆம் ஆண்டிலேயே எனோஷிமாக் கடற்கரையைத் தீட்டியபோது அவர் அலையை வரைந்திருக்கின்றார். அடுத்த பத்தாண்டின் முற்பகுதியில் மீண்டும் இரு முறை, படகுகளின்மேல் எழும் பேரலையைத் தீட்டியிருக்கின்றார். முற்பட்ட அலைகளைப் பார்த்தால், அவை கனத்து உறைந்து நிற்பன போலத் தோன்றும். உறைந்த அலை உருண்டெழும் அலையாக மாற முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அவர் கை ஒருபோதும் ஓய்ந்திருக்கவில்லை என்பதே அதன் காரணம்.

1834ஆம் ஆண்டிலே பூஜி மலையைப் பற்றிய தம் நூலொன்றின் இறுதியில் அவர் தம் வாழ்வைத் தாமே மதிப்பிடுகின்றார். ஆறு வயது முதல் உருவங்களை வரையும் வேட்கை இருந்ததென்றும், எழுபது வயதுக்கு முன் வரைந்தவை பொருட்படுத்தத் தக்கனவல்லவென்றும், எழுபத்து மூன்றிலேதான் விலங்கு, பறவை, பூச்சி, மீன் என்பவற்றின் அமைப்பு ஓரளவு விளங்கியதென்றும் கூறுகின்றார். தொண்ணூறில் பொருள்களின் மறைபொருளையே ஊடுருவலாம். நூற்றுப்பத்தில் தாம் இடும் ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிர்பெறும் என்பது அவர் நம்பிக்கை. இது பணிவா, பெருமிதமா என்று பிரித்தறிவது கடினம். கற்றல் முடிவதில்லை என்பதை உண்மையாகவே நம்பிய ஒருவரின் சொல் இது.

அந்நம்பிக்கைக்குச் சோதனையும் வந்தது. குடும்பத்திலே துன்பங்கள், பேரனொருவனின் ஒழுக்கக்கேட்டால் ஏற்பட்ட கடன், 1839இல் வீட்டிற் பற்றிய தீயிலே ஆண்டாண்டாகச் சேர்த்த சித்திரங்கள் எரிந்தமை. மற்றொருவராயின் தூரிகையைக் கீழே வைத்திருப்பார். ஹொக்குசாயோ, எண்பது வயதைக் கடந்த நிலையில், 1842ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புதியதொரு நியமத்தை மேற்கொண்டார். பெரும்பாலும் நாள்தோறும் ஒரு தாளிலே ஒரு சிங்கத்தையோ, சிங்க வேடமிட்டு ஆடுபவனையோ மையினால் விரைவாக வரைந்து, அத்தாளில் அன்றைய நாளையும் குறித்தார். தீயனவற்றை நாள்தோறும் விலக்குதல் என்னும் பொருளில் அச்சித்திரங்களுக்குப் பெயர் வழங்குகின்றது. அடுத்த ஆண்டிலும் தொடர்ந்த அப்பழக்கத்தின் சின்னங்களாக இருநூறுக்கு மேற்பட்ட தாள்கள் இன்றும் எஞ்சியிருக்கின்றன.

அத்தாள்கள் விற்பனைக்காக எழுதப்பட்டவையல்ல. ஒவ்வொன்றும் சில தூரிகை வீச்சுக்களால் ஆனது. ஆனால் இல்லத்தையும் செல்வத்தையும் இழந்த முதியவர் ஒருவருக்கு, அன்றைய நாளைத் தமதாக்கிக் கொள்ளும் வழியாக அச்சிறு செயல் அமைந்தது. நாட்பயிற்சி கைக்குத் திறமையைத் தருவது ஒரு பயன். மனத்திற்கு நிலைபேற்றைத் தருவது மற்றொரு பயன். 1849ஆம் ஆண்டில் மறையுந் தறுவாயில், இன்னும் ஐந்தாண்டு வாழக் கிடைத்தால் உண்மையான ஓவியனாகியிருப்பேன் என்ற பொருள்பட அவர் கூறினாரென்பது மரபு.

ஓவியத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது பொருந்தும். பகல் முழுதும் வேறு தொழில் செய்பவர்களுக்கு இது இயலுமா என்று நேயர்கள் கேட்கலாம். இதே வினாவுக்கு விடை கூறியவர் ஆங்கில அறிஞர் ஜோன் ரஸ்கின். 1854ஆம் ஆண்டில் இலண்டனிலே தொழிலாளர் கல்லூரி தொடங்கப்பட்டபோது, தொழிலாளர்களுக்குச் சித்திரம் கற்பிக்க அவர் முன்வந்தார். தச்சனை ஓவியனாக்குவதன்று, தச்சனாகவே அவன் மேலும் மகிழ்ந்திருக்கச் செய்வதே தம் நோக்கம் என்று அவர் விளக்கினார். 1857ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய சித்திரப் பயிற்சி நூல் சிறு சதுரமொன்றைப் பேனாக் கோடுகளால் சீராக நிரப்புவதிலே தொடங்குகின்றது. பின்னர் தெருவிற் கிடக்கும் கல்லொன்றை எடுத்துவந்து வரையச் சொல்கின்றது. கண்டதைப் பிழையின்றி வரையும் ஆற்றலைப் பெற ஏறக்குறைய 150 மணிநேரப் பயிற்சி போதும் என்பது ரஸ்கினின் மதிப்பீடு. நாளுக்குக் கால் மணிநேரமாகக் கணக்கிட்டால் அது 600 நாள், இரண்டாண்டுக்கும் குறைவு.

பயிற்சியை ஏன் பல நாள்களுக்குப் பகிரவேண்டும்? ஒரே மூச்சிற் செய்தாலென்ன? இவ்வினாவை நினைவாற்றலின் தொடர்பில் முதன்முதல் அளந்து ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஜேர்மனிய அறிஞர் எபிங்கவுஸ். பொருளற்ற அசை வரிசைகளைத் தாமே மனனஞ் செய்து பார்த்த அவர், ஒரே நாளில் 68 முறை ஓதியதால் விளைந்த பயன், மூன்று நாள்களுக்குப் பகிர்ந்து 38 முறை ஓதியதாலேயே விளைந்தது என்று 1885ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே காட்டினார். அது அசைகளைப் பற்றிய சோதனையேயாயினும், இடைவிட்டுச் செய்யும் பயிற்சியின் வலிமையைப் பிற்கால ஆய்வுகள் வேறு பல துறைகளிலும் கண்டிருக்கின்றன. சித்திரத்திலோ இன்னுமொரு காரணம் உண்டு. வரைதலின் பெரும்பகுதி கண்ணின் தொழில். கூர்ந்து நோக்குங் கண் விரைவிற் களைத்துவிடும். களைத்த கண் எதிரிலுள்ள குடத்தைக் காணாது. குடம் இப்படித்தான் இருக்கும் என்று மனம் முன்பே வைத்திருக்கும் உருவத்தையே கைக்குக் கொடுக்கும். கால் மணிநேரம் உண்மையாகப் பார்ப்பது, மூன்று மணிநேரம் பாராமல் வரைவதினும் மேலானது.

ஆகவே தொடங்க விரும்புவோர் பெரிதாக ஒன்றும் தேடவேண்டுவதில்லை. ஒரு பென்சிலும் ஒரு கொப்பியும் போதும். வீட்டிலுள்ள செம்பு, முற்றத்து மாவிலை, வேலியிற் படர்ந்த கொடி, உறங்குங் குழந்தையின் கை என்பவற்றுள் ஒன்றை நாள்தோறும் ஒரே வேளையில் வரையுங்கள். தவறிய கோட்டை அழிக்கவேண்டாம். அதன் பக்கத்திலே சரியான கோட்டை இடுங்கள். ஹொக்குசாய் செய்ததுபோல நாளைக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் சென்றபின் முதலாம் தாளையும் முப்பதாம் தாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கை வராது என்று பிறர் சொன்ன சொல் உண்மையா என்பதை அவ்விரு தாள்களும் சொல்லும்.