லார்க்கின் திடலில் ஓர் இரவு: ரசிகர்கள் போட்ட கணக்கும் காற்பந்து தந்த விடையும்

மாமாக் கடையில் பெரிய திரை வைத்துவிட்டால் போதும். தே தாரேக் ஆறுவதற்குள் அடுத்த ஆட்டத்தின் முடிவைச் சொல்லிவிடுவார்கள் நம் காற்பந்து ரசிகர்கள். அரையிறுதி முடிந்த கையோடு இறுதியாட்டத்தைக் கணிப்பார்கள். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்திற்கு முன்னால் எந்த அணிக்கு எத்தனை புள்ளி தேவை என்று விரல்விட்டு எண்ணுவார்கள். இந்தப் பழக்கம் நம்மவர்களுக்கு மட்டும் உரியதல்ல. காற்பந்து விளையாடப்படும் எல்லா ஊரிலும் இருக்கிறது.

இந்தக் கணிப்புகள் எவ்வளவு தூரம் பலிக்கின்றன? பலிக்காதபோது ரசிகர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டைத் தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. 1997ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி ஜொகூர் பாருவின் லார்க்கின் அரங்கத்தில் நடந்த ஜப்பான் - ஈரான் பிளேஆப் ஆட்டத்தைப் பார்த்தாலே போதும்.

1998ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டி பிரான்சில் நடைபெற இருந்தது. ஆசியாவின் இறுதித் தகுதிச் சுற்றில் இரண்டு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஐந்து அணிகள். பிரிவில் முதலிடம் பெறும் அணி நேராகப் பிரான்சு செல்லும். இரண்டாம் இடம் பெறும் இரு அணிகளும் பொதுவான ஓர் இடத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில் மோத வேண்டும். வென்றால் பிரான்சு. தோற்றால் ஓஷியானியா வட்டார வெற்றியாளரான ஆஸ்திரேலியாவோடு இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டும். சவூதி அரேபியாவும் தென்கொரியாவும் முதலிடம் பெற்றன. ஈரானும் ஜப்பானும் ஜொகூருக்கு வந்து சேர்ந்தன.

ஜப்பானிய ரசிகர்கள் அப்போது எந்த மனநிலையில் இருந்தார்கள் என்பதை அறிய நான்கு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1993 அக்டோபர் 28ஆம் தேதி கத்தார் தலைநகர் டோஹாவில் ஈராக்கை வென்றால் ஜப்பானுக்கு முதன்முறையாக உலகக் கிண்ண வாய்ப்பு. 2-1 என முன்னணியில் இருந்தது ஜப்பான். முழு நேரமும் முடிந்து, கூடுதலாகக் கொடுக்கப்பட்ட சில நிமிடங்களில் ஈராக் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. அன்று நள்ளிரவிலும் கண் விழித்துப் பார்த்தவர்கள் ஏராளம். அந்த ஒளிபரப்பு 48.1 விழுக்காட்டு ரசிகர் அளவைப் பெற்றது. அதை ஜப்பானியர்கள் இன்றும் 'டோஹாவின் துயரம்' என்றே அழைக்கிறார்கள்.

அதனால்தான் 1997இல் அவர்களுக்கு அத்தனை பதற்றம். 2002 உலகக் கிண்ணத்தைத் தென்கொரியாவோடு சேர்ந்து ஏற்று நடத்தும் பொறுப்பு 1996ஆம் ஆண்டே ஜப்பானுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. ஒருமுறைகூடத் தகுதி பெறாத நாடு போட்டியை ஏற்று நடத்தினால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது.

முதல் ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தானை 6-3 என்று வீழ்த்தியபோது, இனிக் கவலையில்லை என்றே பலரும் கணித்தார்கள். ஆனால் தோக்கியோவில் தென்கொரியாவிடம் 1-2 என்று தோல்வி. கஸக்ஸ்தானோடு சமநிலை. பயிற்றுநர் ஷூ காமோ நடுவழியிலேயே நீக்கப்பட்டு, துணைப் பயிற்றுநராக இருந்த தகேஷி ஒகாடா பொறுப்பேற்றார். அக்டோபர் 26ஆம் தேதி சொந்தத் திடலில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளோடு 1-1 என்று சமநிலை கண்டபோது, பொறுமைக்குப் பேர்போன ஜப்பானிய ரசிகர்கள் பொறுமை இழந்தார்கள். அரங்கத்துக்கு வெளியே அணியின் பேருந்தைச் சூழ்ந்து முட்டைகளையும் கையில் கிடைத்த பொருள்களையும் வீசினார்கள். அதுவரை தலையில் வைத்துக் கொண்டாடிய கஸூ மியூராவைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை.

ஒரே வாரத்தில் காட்சி மாறியது. நவம்பர் 1ஆம் தேதி சோல் நகரில் தென்கொரியாவை 2-0 என்று வென்றது ஜப்பான். ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்ட கொரிய ரசிகர்கள், பிரான்சுக்குச் சேர்ந்தே போவோம் என்று எழுதிய பதாகையை அரங்கத்தில் விரித்திருந்தார்கள். காலனித்துவக் காலத்துக் கசப்பு இன்னும் ஆறாத இரு நாடுகள் அவை. அரசியல்வாதிகள் சொல்லத் தயங்கும் வார்த்தையை ரசிகர்கள் ஒரு துணியில் எழுதிக் காட்டினார்கள்.

ஈரானிய ரசிகர்களின் நிலையும் அதுதான். 1978க்குப் பிறகு அவர்கள் உலகக் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. புரட்சியும் எட்டு ஆண்டுப் போரும் இடையில் வந்து போயின. அலி டாயி, அஸிஸி, பாகெரி என்று திறமைசாலிகள் நிறைந்த அந்த அணி நேராகவே தகுதி பெறும் என்று நினைத்திருந்தார்கள். கத்தாரிடம் 0-2 என்று தோற்றதில் அந்தக் கணக்கு பொய்த்தது. அங்கும் பயிற்றுநர் மாற்றப்பட்டு, பிரேசிலைச் சேர்ந்த வல்டெயிர் வியேரா வந்தார்.

ஆட்டத்திற்கு முதல் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. ஈரானின் அஸிஸி காயம்பட்டவர் போலச் சக்கர நாற்காலியில் காட்சியளித்தார். அவர் ஆடமாட்டார் என்று நம்பியவர்கள் மறுநாள் ஏமாந்தார்கள்.

அன்று லார்க்கின் அரங்கம் நீல நிறமாக இருந்தது. ஜப்பானிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வானூர்தி ஏறி வந்திருந்தார்கள். 39ஆவது நிமிடத்தில் இளைஞர் நகாடா கொடுத்த பந்தை நகாயாமா கோலாக்கினார். இடைவேளை முடிந்த முதல் நிமிடத்திலேயே, நாற்காலியில் வந்த அதே அஸிஸி சமன் செய்தார். 59ஆவது நிமிடத்தில் டாயி தலையால் முட்டிப் போட்ட கோலால் ஈரான் 2-1 என்று முந்தியது. உடனே ஒகாடா எவரும் எதிர்பார்க்காத காரியத்தைச் செய்தார். கஸூவையும் நகாயாமாவையும் ஒரே நேரத்தில் வெளியே அழைத்தார். மாற்று ஆட்டக்காரராக வந்த ஜோ 76ஆவது நிமிடத்தில் சமன் செய்தார்.

ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. அப்போது 'தங்க கோல்' விதி நடைமுறையில் இருந்தது. கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். ஜப்பானுக்காக இறங்கிய ஒகானோ எளிய வாய்ப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தவறவிட்டார். ஈரானின் டாயிக்குக் கிடைத்த வாய்ப்பும் கம்பத்துக்கு மேலே போனது. பினால்டிக்கு இரண்டே நிமிடம் இருந்தபோது, நகாடா உதைத்த பந்தைக் கோல் காவலர் அபெட்ஸாடே தடுத்தார். அவர் கையிலிருந்து தெறித்த பந்தைச் சறுக்கிப் பாய்ந்து வலைக்குள் தள்ளினார் ஒகானோ. மூன்று வாரங்களுக்கு முன் முட்டை வீசிய நாடு அன்று ஆனந்தக் கண்ணீர் விட்டது. நம் ஊரின் பெயர் 'ஜொகூர் பாருவின் பெருமகிழ்ச்சி' என்று ஜப்பானியக் காற்பந்து வரலாற்றில் இடம்பிடித்தது.

தோற்ற ஈரானுக்கு அடுத்து ஆஸ்திரேலியா. நவம்பர் 22ஆம் தேதி தெஹ்ரானில் ஒரு லட்சத்திற்கும் அதிகமானோர் முன்னிலையில் ஆட்டம் 1-1 என்று முடிந்தது. ஒரு வாரம் கழித்து மெல்பர்ன் நகரில் 85,000 ரசிகர்கள் கூடினார்கள். ஆஸ்திரேலியா 2-0 என்று முன்னணியில் இருந்தபோது, அந்த அரங்கத்தில் தோல்வியைக் கணித்தவர் எவரும் இருந்திருக்க மாட்டார். ஆனால் கடைசி இருபது நிமிடத்தில் பாகெரியும் அஸிஸியும் கோல் போட்டார்கள். எதிரணித் திடலில் அடித்த கோல்களின் கணக்கில் ஈரான் பிரான்சு சென்றது. தகுதிச் சுற்றில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காத ஆஸ்திரேலியா வீட்டில் இருந்தது.

இதற்குப் பின் நடந்ததுதான் எந்த ரசிகரும் கணித்திராத ஒன்று. 1979 புரட்சிக்குப் பிறகு ஈரானியப் பெண்கள் காற்பந்து அரங்கத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. அணிக்கு ஆஸாடி அரங்கத்தில் வரவேற்பு ஏற்பாடானபோது, பெண்கள் வீட்டிலிருந்தே தொலைக்காட்சியில் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அவர்கள் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான பெண்கள் வாசலுக்கு வந்தார்கள், காவலர்களைத் தாண்டி உள்ளே நுழைந்தார்கள். ஜொகூரில் ஈரான் வென்றிருந்தால் மெல்பர்ன் இல்லை. மெல்பர்ன் இல்லையேல் அந்த நாளும் அப்படி வந்திருக்காது.

ஆனாலும் கதவு முழுமையாகத் திறக்கவில்லை. 2019இல், ஆண் வேடத்தில் அரங்கத்துக்குள் நுழைய முயன்று பிடிபட்ட ஓர் இளம்பெண், சிறைத் தண்டனைக்கு அஞ்சித் தீக்குளித்து இறந்தார். உலகமே அதிர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி, கம்போடியாவுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதி ஆட்டத்தைப் பார்க்க ஈரானியப் பெண்கள் தாங்களே நுழைவுச்சீட்டு வாங்கி ஆஸாடி அரங்கத்தில் அமர்ந்தார்கள். ஓர் ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

மற்றவர்களின் கணக்கு என்னவாயிற்று? பிரான்சில் ஜப்பான் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. நாட்டின் கனவைத் தோளில் சுமந்த கஸூவுக்கு அணியில் இடமே கிடைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு 2026 வரை எந்த உலகக் கிண்ணத்தையும் ஜப்பான் தவறவிட்டதில்லை. ஈரான் அமெரிக்காவை 2-1 என்று வென்றது. மெல்பர்னில் அழுத ஆஸ்திரேலியா, 2005ஆம் ஆண்டு உருகுவேயைப் பினால்டியில் வென்று உலகக் கிண்ணத்துக்குத் திரும்பியது. அந்த நாளும் நவம்பர் 16தான்.

நம் நாட்டு மூத்த ரசிகர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. 1980இல் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது மலேசியா. மக்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். ஆனால் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்து நாடு ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அந்த அணி போகவே இல்லை. திடலில் வென்றும் கிடைக்காமல் போனது அது.

ஆகவே கணிப்பதில் தவறில்லை. கணிக்காத ரசிகருக்குக் காற்பந்தில் என்ன சுவை? ஆனால் கணிப்பு பொய்த்த இரவில் என்ன செய்கிறோம் என்பதில்தான் நம் தராதரம் தெரியும். தோக்கியோவில் வீசப்பட்ட முட்டைகளால் ஜப்பானுக்கு ஒரு புள்ளியும் கூடவில்லை. பேருந்து மீது பொருளை வீசத் தோன்றும் நேரத்தில், அதற்கு மூன்றே வாரம் கழித்து ஜொகூரில் நடந்ததை ரசிகர்கள் நினைத்துக்கொள்ளட்டும். வேண்டும்போதெல்லாம் அரங்கத்துக்குப் போக முடிந்தவர்கள், உள்ளே ஓர் இருக்கைக்காகப் பல ஆண்டுகள் வாசலில் காத்திருந்த பெண்களையும் நினைத்துக்கொள்ளட்டும்.