ஒரு பிடி பருப்பு

பூந்தமல்லிக் கடைத்தெருவில் துவரம் பருப்பு வாங்கும்போது ஒரு பிடியை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பது என் வழக்கம். "என்ன ஸார், வைரமா பொறுக்குறீங்க?" என்று அண்ணாச்சி கேலி செய்வார். நான் தேடுவது வைரத்தை அல்ல; ஒரு பக்கம் சரிந்து, சதுரமாகத் தோன்றும் கேசரிப் பருப்பை. துவரையோடு அதைக் கலந்து விற்கும் அக்கிரமம் நம் நாட்டில் பழையது.

கலப்படம் என்றால் ருசி கெடும், காசு போகும், அவ்வளவுதானே என்று நினைத்துவிடக் கூடாது. கேசரியின் சரித்திரம் பயங்கரமானது.

மத்திய இந்தியாவில் சாகர் வட்டாரத்தில் 1829இல் ஆலங்கட்டி மழை கோதுமையை அழித்தது. 1830இல் மழை பொய்த்தது. 1831இல் பயிரை நோய் தின்றது. மாட்டுக்குப் போடும் கேசரி மட்டும் செழித்து நின்றது. ஜனங்கள் அதையே உண்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1833 முதல், முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திடீர் திடீரென்று கால்கள் விழுந்தன. ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரி 1844இல் வெளியான தம் புத்தகத்தில் இதை எழுதி வைத்தார்.

விஷம் எது என்று தெரிய 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா என்ற மூவரும், டில்லிப் பல்கலைக்கழகத்தில் நம் குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரியின் குழுவினரும் அதைக் கண்டு சொன்னார்கள். அது ஓர் அமினோ அமிலம். சுருக்கப் பெயர் ஓடாப்.

அமினோ அமிலம் புரதத்தின் செங்கல் அல்லவா, அதில் விஷம் ஏது என்று கேட்பீர்கள். நம் மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததைத் தட்டி எழுப்புவது பெரும்பாலும் குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டுதான். அடுத்த அணுவின்மேல் ஏற்பிகள் இருக்கின்றன. பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளுட்டமேட் என்னும் சாவி பட்டதும் பூட்டு திறக்கும், சேதி போகும், சாவி உடனே அப்புறப்படுத்தப்படும். ஓடாப் கள்ளச் சாவி. அந்தப் பூட்டுகளில் ஒரு வகையைத் திறந்து, அணுவை ஓயாமல் உசுப்புகிறது. ஓய்வற்ற அணு சாகிறது. புத்தி தெளிவாகவே இருக்கும். நடை மட்டும் போய்விடும். போனது திரும்பாது.

1964இல் குளுட்டமேட்டின் இந்த உத்தியோகத்தையே உலகம் ஒப்புக்கொண்டிருக்கவில்லை. கள்ளச் சாவி முதலில் அகப்பட்டது. பூட்டு பின்னால்தான் தெரிந்தது.

ஆனால் ஒன்று. என்றோ ஒரு கவளம் தின்றவன் முடமாவதில்லை. மாதக்கணக்கில் அதையே தின்றவன்தான் ஆகிறான். அப்படித் தின்ன யார் ஆசைப்படுவார்கள்? ரீவா பகுதியில் பண்ணையடிமைகளுக்குக் கூலியாக அளந்ததே கேசரியைத்தான். கேசரி விற்பனையை 1961இல் மத்திய அரசு தடுத்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது. பருப்பு செய்த பாவம் பாதி. வேறெதுவும் கொடுக்காதவன் செய்த பாவம் மீதி.

இதை அண்ணாச்சியிடம் ஒரு நாள் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மூட்டைக்குள் கைவிட்டுத் தாமே ஒரு பிடி அள்ளி, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.