ஆட்டத்துக்குக் காவல் சரி, வீட்டுச் சாவி யாரிடம்?

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர், "கம்ப்யூட்டர் துறையில இருந்தவராச்சே, எதிர்காலத்தைப் பத்தி எழுதுங்க" என்றார். ஜோசியம் எனக்கு வராது. கொஞ்சம் வரலாறு எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளின் வீடியோ விளையாட்டுக் கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாம் காசு கொடுத்து வாங்கிய கணிப்பொறி யாருடையது என்ற வழக்கு இதில் இருக்கிறது.

1990களின் கடைசியில் இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகள் பெருகின. கூடவே கள்ளாட்டமும் பெருகியது. சுவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுக்க ஒரு புரோகிராம், துப்பாக்கிக் குறி தானாகவே எதிராளி மேல் போய் நிற்க இன்னொன்று. நேர்மையாக ஆடுபவன் எத்தனை நாள்தான் தோற்பான்? அவனைக் காக்கவே 'பங்க்பஸ்டர்', வால்வ் நிறுவனத்தின் 'வாக்' (2002) போன்ற காவல் மென்பொருள்கள் வந்தன. நோக்கத்தில் குறையில்லை.

2005-இல்தான் வினை வந்தது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டுக்குப் பிளிசார்ட் நிறுவனம் வைத்த காவலாளியின் பெயர் 'வார்டன்'. பாதுகாப்பு நிபுணர் கிரெக் ஹோக்லண்ட் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார். விளையாட்டை மட்டுமல்ல, திரையில் திறந்திருக்கும் மற்ற ஜன்னல்களின் தலைப்புகளையும் அது படிப்பது தெரிந்தது. டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் அமெரிக்க அமைப்பான ஈ.எஃப்.எஃப்., இது உளவு வேலை என்று கண்டித்தது.

அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் இன்னொன்றை அம்பலப்படுத்தினார். சோனி பி.எம்.ஜி.யின் சில பாட்டு சி.டி.க்கள், பிரதி எடுப்பதைத் தடுக்கும் மென்பொருளைக் கணிப்பொறியில் மறைத்து வைத்தன. குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பும் கண்ணுக்குத் தெரியாது. கள்ளாட்டக்காரர்கள் விடுவார்களா? தங்கள் கோப்புகளுக்கும் அதே பெயர் வைத்தார்கள். வார்டன் கண்ணில் மண்! ஒரு கம்பெனி போட்ட திரைக்குப் பின்னால் இன்னொரு கம்பெனி தேடும் திருடன். வீட்டுக்காரருக்கோ இரண்டுமே தெரியாது.

பிறகு கள்ளன் 'கெர்னல்' எனப்படும் அடித்தளத்துக்கு இறங்கினான், காவலும் இறங்கியது. 2020-இல் வந்த ரயட் நிறுவனத்தின் 'வேன்கார்ட்', விளையாட்டைத் திறக்கும்போது அல்ல, கணிப்பொறி விழிக்கும்போதே விழித்துக்கொள்கிறது. அந்த ஆழத்தில் ஓட்டை விழுந்தால் என்னாகும்? 2022-இல் பார்த்தோம். 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டின் காவல் டிரைவரை எடுத்துப்போய், பணம் பறிக்கும் கும்பல் ஒன்று ஆன்டிவைரஸை அணைக்கப் பயன்படுத்தியது. அந்த விளையாட்டே இல்லாத கணிப்பொறியிலும் இது சாத்தியம்!

என் வீட்டில் லினக்ஸ். "ஏன் தாத்தா, இந்த கேம் மட்டும் நம்ம வீட்ல ஓட மாட்டேங்குது?" என்கிறான் பேரன். விளையாட்டு ஓடும், காவலாளிதான் உள்ளே விடமாட்டேன் என்கிறான்.

வேறு வழியும் உண்டு. மறைந்திருப்பவன் இருக்குமிடத்தை சர்வர் அனுப்பாவிட்டால் எட்டிப் பார்க்க என்ன இருக்கிறது? சந்தேக ஆட்டங்களின் பதிவைப் பார்த்து ஆட்டக்காரர்களே தீர்ப்புச் சொல்லும் முறையை 2013-இல் வால்வ் கொண்டுவந்தது. இவை முழுத் தீர்வல்ல. ஆனால் வீட்டுச் சாவியைக் கேட்பதில்லை.

நேர்மையான ஆட்டம் வேண்டும்தான். அதற்காக எதை ஒப்படைக்கிறோம் என்பதைச் சம்மதப் பொத்தானை அழுத்துமுன் கேட்டுக்கொள்வோம், நண்பர்களே. பிள்ளைகளுக்கும் கேட்கச் சொல்லிக்கொடுப்போம்.