பானிஹாட்டியின் கடுகும் தயிரும்: காசுந்தி வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

பச்சை முட்டையில் செய்யப்படும் மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. கேரளம் 2023இலும் தெலங்கானா 2024இலும் இதற்கு முன்பே அத்தகைய தடையை அறிவித்திருந்தன. விருந்திலும் மாலைச் சிற்றுண்டியிலும் தொட்டுக்கொள்ள, மயோனைசைப் போலக் குழைவாகவும் உடலுக்குக் கேடின்றியும் வீட்டிலேயே எதைச் செய்யலாம் என்ற கேள்வி அதையொட்டிப் பரவலாக எழுந்தது. விடையாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் தொலைநாட்டுப் பெயர்கள். கொல்கத்தாவின் பழைய சிற்றுண்டிக் கடைகளில் மீன் வறுவலுக்கு அருகே ஒரு கரண்டி மஞ்சள் நிறக் கடுகு விழுது வைக்கப்படுகிறது. காசுந்தி எனப்படும் அவ்விழுதின் வரலாறு இக்கேள்விக்கு உள்நாட்டு விடை ஒன்றைத் தருவதோடு, 'ஆரோக்கியம்' என்ற சொல்லை யார் முதலில் சமையலறைக்குள் கொண்டுவந்தார்கள் என்பதையும் நினைவூட்டுகிறது.

முதன்மையான சான்று கிருஷ்ணதாச கவிராஜரின் 'சைதன்ய சரிதாம்ருதம்'. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறைவுற்றதாகப் பொதுவாகக் கருதப்படும் இந்த வங்க நூல் சைதன்யரின் (1486–1533) வாழ்வைக் கூறுவது. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள பானிஹாட்டியில் வாழ்ந்த ராகவ பண்டிதரின் தங்கை தமயந்தி, ஆண்டுதோறும் பூரிக்குச் செல்லும் அடியார்களிடம் பைகள் நிறைய உணவு கொடுத்தனுப்புகிறார். ஓராண்டு முழுவதும் கெடாமல் இருக்க வேண்டிய உணவு அது. 'ராகவரின் ஜாலி', அதாவது ராகவரின் பை, என்றே வங்க மரபு அதை அழைக்கிறது. அப்பையின் பட்டியலில் மூன்று காசுந்திகள் இடம்பெறுகின்றன: மாங்காய்க் காசுந்தி, இஞ்சிக் காசுந்தி, காரக் காசுந்தி.

மொழியியல் நோக்கில் இப்பட்டியல் கவனத்திற்குரியது. மூன்று தொகைச்சொற்களிலும் பின்னுறுப்பு ஒன்றே. முன்னுறுப்பு மட்டும் வேறுபடுகிறது. தமிழில் 'மாங்காய் ஊறுகாய், எலுமிச்சை ஊறுகாய்' என்று வகைபிரிக்க முடிகிறதென்றால், 'ஊறுகாய்' என்ற பொதுப்பெயர் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது என்று பொருள். அவ்வாறே, கவிராஜர் எழுதிய காலத்தில் காசுந்தி புதுமைப் பண்டமாக இருந்திருக்க முடியாது. விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அது அன்றாடப் பொருளாகியிருந்தது.

அதே பட்டியலில் 'சுகுதா' என்ற கசப்புப் பண்டமும் வருகிறது. இத்தனை எளிய பொருளை ஏன் அனுப்ப வேண்டும் என்று வாசகர் எண்ணக்கூடும் என்பதை உணர்ந்து, கவிராஜரே காரணம் கூறுகிறார். கனத்த உணவு மிகுந்தால் வயிற்றில் செரியாமை தங்கும், சுகுதா அதைப் போக்கும் என்று தமயந்தி எண்ணினாராம். பக்தி இலக்கியத்தில் இது அன்பின் அடையாளமாகவே காட்டப்படுகிறது. உணவு வரலாற்றில் வேறொன்றாகவும் வாசிக்கலாம். உண்பவரின் செரிமானத்தைக் கணக்கிட்டு, எது கெடாது, எது எதை ஈடுசெய்யும் என்று முடிவெடுத்த ஒரு பெண்ணின் திட்டம் இது. அத்திட்டத்திற்கு மரபு இட்ட பெயரில் அண்ணன் இருக்கிறார், தங்கை இல்லை.

காசுந்தி கெடாமலிருப்பதற்கான காரணங்களை இன்று வேதியியல் விளக்குகிறது. முழுக் கடுகில் காரமில்லை. அரைத்து நீர் சேர்த்த பின்னரே அதிலுள்ள மைரோசினேஸ் என்னும் நொதி, சினிக்ரின் என்னும் சேர்மத்தைச் சிதைத்து, அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருளை உருவாக்குகிறது. நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் ஆற்றல் இதற்கு உண்டு. உப்பும் புளிப்பும் துணைசெய்கின்றன. கொதிக்கும் நீரை நேரடியாக ஊற்றினால் நொதி அழிந்து காரம் எழாது. கொதிக்கவைத்து ஆறிய நீரைச் சேர்க்கும் வழக்கத்தில் நீரும் தூய்மையாகிறது, நொதியும் பிழைக்கிறது. பெயரறியாத பல தலைமுறைப் பெண்களின் சோதனையில் விளைந்த அறிவு இது.

இவ்வறிவைப் புனிதப்படுத்திவிடாமல் பார்ப்பதும் அவசியம். மரபுப்படி, காசுந்திக்கான கடுகு அட்சய திருதியை நாளில் கழுவப்பட்டது. மணமான பெண்கள் நீராடி, குலவையிட்டு அதைச் செய்தனர். கைம்பெண்களுக்கும் மாதவிடாய்க் காலத்தில் இருந்தவர்களுக்கும் அங்கு இடமில்லை. காசுந்தி செய்யும் உரிமை எல்லாக் குடும்பங்களுக்கும் இருக்கவுமில்லை. உரிமையற்ற வீட்டில் செய்தால் கேடு விளையும் என்ற நம்பிக்கையும் நிலவியது. கழுவிய கை, உலர்ந்த கலம், நல்ல வெயில் ஆகியவை ஊறும் பண்டத்திற்கு உண்மையிலேயே தேவை. ஆனால் துப்புரவுக்கான விதி, யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்ற சாதி விதியாகவும் இயங்கியது. 'பாட்டி காலத்து ஆரோக்கியம்' என்று விற்கப்படும் எதையும் வாங்கும் முன் இந்த இரட்டைத்தன்மையை நினைவில் கொள்ளலாம்.

தயிருக்கும் பானிஹாட்டியில் ஒரு வரலாறு உண்டு. அதே நூலின்படி, சப்தகிராமத்துச் செல்வர் மகனான ரகுநாததாசர், நித்தியானந்தர் விதித்த 'தண்டனை'யாக, ஆற்றங்கரையில் திரண்டோர் அனைவருக்கும் அவலும் தயிரும் வழங்கினார். ஜ்யேஷ்ட மாதத்தில் அவ்விழா இன்றும் நடைபெறுகிறது. ஆக, ஓர் ஊரைப் பற்றி ஒரே நூல் இரண்டு காட்சிகளைத் தருகிறது: ஆண்டு முழுவதும் காக்கப்படும் கடுகு, ஒரே நாளில் கூட்டத்திற்குப் பரிமாறப்படும் தயிர். அங்கே இவ்விரண்டும் ஒரு கலத்தில் சேரவில்லை. சேர்ந்த இடத்தைத் தெற்கே காணலாம். கேரளத்தின் வெள்ளரிக்காய்ப் பச்சடியில் தேங்காயுடன் பச்சைக் கடுகையும் நசுக்கித் தயிரில் கலப்பார்கள்.

எனவே நீர் வடித்த தயிரில் காசுந்தியைக் கலப்பது, இந்திய மரபுக்குள்ளேயே முன்மாதிரி உள்ள சேர்க்கைதான். வழக்கமான மயோனைசின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எண்ணெய். முழுப்பால் தயிரில் கொழுப்பு ஏறத்தாழ 3 முதல் 4 விழுக்காடு. நீர் வடிந்து அது இருமடங்கானாலும் மயோனைசுக்கு அருகில்கூட வராது. புளிக்காத தயிரை மெல்லிய துணியில் கட்டி, குளிர்பெட்டிக்குள் 4 மணி நேரம் வடியவிட்டால் குழைவு கிடைக்கும். ஒரு கிண்ணத்திற்கு ஒரு மேசைக்கரண்டி காசுந்தி, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், துருவிய வெள்ளரி போதும். காசுந்தியிலேயே உப்பு மிகுதி. தனியே உப்பிடும் முன் சுவைத்துப் பார்க்க வேண்டும். காசுந்தி நெடுநாள் காக்கும் என்பதற்காக இக்கலவையும் காக்கும் என்று கருதக்கூடாது. அன்றே உண்டு முடிப்பது நல்லது.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தின் 'டிப்' உண்பவரின் கையசைவைக் குறிக்கிறது: எடுப்பது, தோய்ப்பது. வங்கத்தின் 'பாட்டா' அரைப்பதையும், தமிழின் 'துவையல்' துவைப்பதையும், அதாவது இடிப்பதையும், குறிக்கின்றன. இவை ஆக்குபவரின் கையிலிருந்து பிறந்த பெயர்கள். 'காசுந்தி' என்ற சொல்லோ தன் பொருளையே மாற்றிக்கொண்டு பயணம் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் அப்பெயர் எண்ணெயும் வினிகரும் சேர்த்துச் சமைத்த தக்காளிக் கூழைக் குறிக்கிறது. கொல்கத்தாக் கடைகளின் புட்டிகளிலும் ஊறுதலின் வேலையை வினிகர் ஏற்பது உண்டு.

சொல் மாறுவதும் செய்முறை மாறுவதும் இயல்பு. அதற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் உடலுக்கு ஏற்ற உணவு எது என்று கணக்கிடுவது விளம்பரங்களோடு தொடங்கிய புதிய அறிவு என்ற எண்ணத்தை மட்டும் கைவிடலாம். பானிஹாட்டியில் தமயந்தி பையை நிரப்பியபோதே அக்கணக்கு நடந்திருக்கிறது. உணவு வரலாற்றை ஆய்வு செய்யும் மாணவர்கள் அரண்மனைச் சமையல் நூல்களோடு பக்தி நூல்களின் உணவுப் பட்டியல்களையும் வாசிக்க வேண்டும். அரைத்த கைகளின் பெயர், அரிதாகவேனும், அங்கே எழுதப்பட்டிருக்கிறது.